பிளஸ் ஒன், பிளஸ் டூவில் செம்மொழிப் படிப்பு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ், சமஸ்கிருதம் இரண்டுக்கும் தனிப்பயிற்சி சொல்லித் தருகிறேன் என்பதால் இரண்டு பக்கத்துச் சந்தேகமும் என்னிடம் வந்து சேரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்துவிட்டேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்தே பேசுகிறேன். சிபிஎஸ்இ-க்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

1. செம்மொழின்னு எத்தனை இருக்கு? அதையெல்லாம் ஸ்கூல்ல படிக்க முடியுமா?

இந்திய அரசு செம்மொழி என்று அறிவித்தவை இப்போது 11. முதலில் தமிழ், 2004-ல். அடுத்த ஆண்டு சமஸ்கிருதம். 2008-ல் கன்னடமும் தெலுங்கும், 2013-ல் மலையாளம், 2014-ல் ஒடியா. 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் சேர்த்தார்கள்.

பள்ளியில் ‘செம்மொழி’ என்று ஒரு பாடம் கிடையாது. மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம் எல்லாம் மொழிப்பாடங்களாக இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, உங்கள் பள்ளியில் ஆசிரியர் இருப்பது வேறு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழா சமஸ்கிருதமா என்று கேட்பதால் மற்றதை இங்கே விட்டுவிடுகிறேன்.

2. பகுதி 1, பகுதி 3ன்னு ஏதேதோ சொல்றாங்க. பொதுத் தமிழும் சிறப்புத் தமிழும் ஒண்ணா வேறயா?

வேறு. மேல்நிலையில் மொத்தம் ஆறு பாடம், 600 மதிப்பெண். பகுதி 1 ஒரு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-ல் நீங்கள் எடுக்கும் குரூப்பின் நான்கு பாடங்கள். பகுதி 1-ல் படிப்பது பொதுத் தமிழ். இயற்பியல் குரூப்பாக இருந்தாலும் வணிகவியல் குரூப்பாக இருந்தாலும் புத்தகம் ஒன்றுதான்.

சிறப்புத் தமிழ் என்பது பகுதி 3 பாடம். வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களோடு கலைப் பிரிவில் வரும். அதை எடுக்கிறவர் பொதுத் தமிழையும் படிப்பார், சிறப்புத் தமிழையும் படிப்பார். இலக்கியத்துக்குள் கொஞ்சம் ஆழமாகப் போக ஆசைப்படுகிற பிள்ளைக்குப் பள்ளியிலேயே கிடைக்கும் ஒரே கதவு அது. அது இருக்கும் பள்ளிகள் குறைவு. இருக்கிறது என்று தெரியாமலே போகும் பிள்ளைகள் நிறைய.

3. பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம். பிளஸ் ஒன்லயும் கட்டாயமா?

இல்லை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. பிளஸ் ஒன்னில் பகுதி 1 மொழியை மாற்றிக்கொள்ளலாம், பள்ளியில் அந்த மொழி இருந்தால். அதனால்தான் பத்து வருடம் தமிழ் படித்த பிள்ளைகள் கூட்டமாகப் பிரெஞ்சுக்கும் சமஸ்கிருதத்துக்கும் போவது இந்த வகுப்பில் நடக்கிறது.

4. சமஸ்கிருதம் எடுத்தா மார்க் அள்ளலாமாமே, நெசமா?

பாதி நிஜம். பிளஸ் ஒன் சமஸ்கிருதத் தேர்வு மொழியைப் புதிதாகத் தொடங்கியவரையும் மனத்தில் வைத்துத்தான் இருக்கும். கேள்விகள் எதிர்பார்த்த இடத்திலிருந்தே வரும், விடைகள் சின்னவை, சரியா தவறா என்று திருத்துபவர் தயங்க வேண்டியதில்லை. தமிழில் நெடுவினா, கட்டுரை, நயம் பாராட்டல் என்று எழுத வேண்டும். ஒரு மதிப்பெண் இங்கே, அரை மதிப்பெண் அங்கே என்று போகும். பிழையில்லாமல் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுதுவது, தமிழிலேயே வளர்ந்த பிள்ளைக்கும் லேசில்லை.

மீதிப் பாதி என்னவென்றால், வந்த மதிப்பெண்ணை எங்கே செலவழிப்பது? அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. அப்ப அந்த மொழி மார்க் எதுக்குத்தான் உதவும்?

பொறியியலுக்கு உதவாது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குத்தான் கட்-ஆஃப். மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். அரசு கலைக் கல்லூரிகளில் பி.காம்., பி.எஸ்சி. தரவரிசைக்கு பகுதி 3-ன் நான்கு பாடம், 400 மதிப்பெண். இவை எதிலும் பகுதி 1 மொழி எட்டிப் பார்ப்பதில்லை.

உதவும் இடம் இரண்டு உண்டு. ஜேஇஇ எழுதி என்ஐடி, ஐஐடி போகிறவர்களுக்கு பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) என்ற விதியில் மொழிப்பாடமும் கணக்கில் வரும். அங்கேயும் எல்லையைத் தாண்டினால் போதும், 99-க்கும் 89-க்கும் வித்தியாசம் இல்லை. இன்னொன்று, பி.ஏ. தமிழ். அரசுக் கல்லூரிகளில் அதற்குத் தரவரிசையே பகுதி 1 தமிழ் மதிப்பெண்ணை வைத்துத்தான்.

ஆக, 600-க்கு எத்தனை என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கும் பள்ளி வாசலில் பேனர் வைப்பதற்கும்தான் இந்தப் பத்து மதிப்பெண் பெரும்பாலும் பயன்படுகிறது. அது போதும் என்றால் சரி, நான் குறுக்கே நிற்கவில்லை. மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருடம் எந்தப் புத்தகத்தை உங்கள் பிள்ளை கையில் எடுக்கும் என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

6. என் பொண்ணுக்கு சமஸ்கிருத எழுத்தே தெரியாது. பிளஸ் ஒன்ல ஆரம்பிச்சா தாங்குமா?

தாங்கும், முதல் இரண்டு மாதம் தினமும் உட்கார்ந்தால். முதல் தடை தேவநாகரி எழுத்து. தமிழில் ஒரு ‘க’ இருக்கும் இடத்தில் அங்கே நான்கு. அதில் எது என்று காதால் பிரித்துக் கேட்கப் பழகாத பிள்ளை கையாலும் தவறாகவே எழுதும். அதனால் எழுதிப் பார்ப்பதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்வேன். கூட்டெழுத்துகள் கொஞ்ச நாள் படுத்தும், பிறகு கைக்கு வந்துவிடும்.

அடுத்தது சப்தம் எனப்படும் பெயர்ச்சொல் அட்டவணைகள். ராம:, ராமௌ, ராமா: என்று தொடங்கும். ஒருமை, பன்மைக்கு நடுவில் இருமை என்று ஒன்று கூடுதலாக இருக்கும். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: எட்டு வேற்றுமை என்பதைத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். ‘ராம: ராவணம் ஹந்தி’ என்றாலும் ‘ராவணம் ராம: ஹந்தி’ என்றாலும் கொல்பவன் ராமன்தான், ஏனென்றால் இரண்டாம் வேற்றுமை ராவணன் மேல் இருக்கிறது. ‘ராவணனை ராமன் கொல்கிறான்’ என்று நாம் முன்பின்னாகச் சொல்வது போலவே. ஆங்கிலத்தை வைத்துக் கற்கிறவர்களைவிடத் தமிழ் இலக்கணத்தை வைத்துக் கற்கிற பிள்ளை இங்கே வேகமாகப் போகிறது.

எச்சரிக்கை ஒன்று. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வருடத்தைக் கடத்துகிறார்கள். இயற்பியலில் இதைச் செய்து சமாளிப்பவர்கள் இருக்கலாம். புதிதாகத் தொடங்கும் மொழியில் முடியாது.

7. சங்கப் பாட்டு ஒண்ணும் புரியல. நோட்ஸ்ல இருக்கிற உரையை மனப்பாடம் பண்ணா பத்தாதா?

தேர்ச்சி பெறப் பத்தும். ஆனால் கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டால் நின்றுவிடுவீர்கள். அதைவிட, படித்த இரண்டு வருடமும் வீண். ஒரு பாட்டை எப்படித் திறப்பது என்று காட்டுகிறேன்.

புறநானூற்றில் ஔவையார் அதியமானின் வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டு சொல்லும் பாட்டு (206). கடைசிப் பகுதியில் ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்று வரும். ‘கலப்பை’ என்றதும் ஏர் என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பாணரும் விறலியரும் நாடி வரும் அரண்மனை வாசலில் ஏர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். கலம், அதாவது இசைக்கருவி முதலியவற்றை வைக்கும் பை அது. யாழைக் காவடித் தண்டில் மாட்டிக்கொண்டோம், பையையும் சுருக்கிக் கட்டிவிட்டோம், கிளம்புகிறோம் என்கிறார். ‘காவினெம்’ என்பதில் இருக்கும் ‘எம்’ இன்றைக்கு ‘ஓம்’: காவினோம். இந்த ஒரு விகுதி பிடிபட்டால் வேறு பத்துப் பாட்டில் வினைச்சொல் தானாகத் தெரியும்.

அப்புறம் முடிவு: ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’. செல் + இன் + உம், சென்றாலும். எந்தத் திசைக்குப் போனாலும் அங்கே எங்களுக்குச் சோறு உண்டு. வேலையை விட்டுவிட்டுப் போகிற எவரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிற வசனம்தானே? ஆகவே வரிசை இது: முதலில் யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள், பிறகு வினைமுற்றுகளைத் தேடுங்கள், பிறகு தெரியாத சொல், கடைசியில்தான் உரை. உரையை முதலில் படித்தால் பாட்டு உள்ளே நுழையவே நுழையாது.

8. இலக்கணம்னாலே அலர்ஜி. எந்த மொழியில கம்மி?

எதிலும் கம்மி இல்லை. தமிழில் புணர்ச்சி விதி, யாப்பு, அணி; சமஸ்கிருதத்தில் சந்தி, விபக்தி (வேற்றுமை), லகாரம் (வினைச்சொல்லின் கால வடிவங்கள்). பெயர்தான் மாறும். சூரிய + உதயம் சூரியோதயம் ஆவது குணசந்தி என்று தமிழ்ப் புத்தகத்திலேயே படிக்கலாம். இலக்கணத்துக்குப் பயந்து மொழியை மாற்றுவது, எனக்குத் தெரிந்து யாருக்கும் பலித்ததில்லை.

9. சயின்ஸ் குரூப் எடுத்துட்டு சிறப்புத் தமிழும் படிக்க முடியுமா?

பொதுவாக முடியாது. அது பகுதி 3 பாடம் என்பதால் (கேள்வி 2) நான்கில் ஒரு இடத்தை அடைத்துக்கொள்ளும். பள்ளிகள் அதைக் கலைப் பிரிவில்தான் வைக்கின்றன.

அறிவியல் பிரிவில் இருந்துகொண்டே தமிழில் ஏதாவது செய்ய ஆசை என்றால், பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு நடத்தும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வை எழுதுங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கொள்குறி வினாக்கள். 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு தருகிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ மாணவர்களும் எழுதலாம். அறிவிப்பு பள்ளிக்கு வந்து தகவல் பலகையிலேயே தூங்கிவிடுவது உண்டு. நீங்களே போய்க் கேளுங்கள்.

10. நாங்க சிபிஎஸ்இ. எங்களுக்கு எப்படி?

அங்கே தமிழ் இருக்கிறது, பாட எண் 106. சமஸ்கிருதம் இரண்டு விதம்: கோர் 322, எலெக்டிவ் 022. எலெக்டிவில் இலக்கியம் கூடுதல். ஒரே மொழியில் இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. ஆங்கிலத்தோடு நான்கு பாடம் எடுத்துவிட்டு ஆறாவதாக இந்த மொழியைச் சேர்ப்பதுதான் பல பிள்ளைகள் செய்வது.

11. யாழ்ப்பாணத்துல தங்கச்சி பொண்ணு இருக்கா, சிங்கப்பூர்ல அண்ணன் பையன் இருக்கான். அங்கயும் இப்படித்தானா?

இல்லை. இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் (நம் பிளஸ் டூ போன்றது) கலைப் பிரிவு மாணவர் மூன்று பாடம்தான் எடுப்பார்; அதில் தமிழே ஒரு முழுப் பாடமாக இருக்கலாம், சமஸ்கிருதம், பாலியும் பட்டியலில் உண்டு. மூன்றில் ஒன்று என்பதால் அந்த மதிப்பெண் பல்கலைக்கழக நுழைவுக்கு நேராகக் கணக்காகும். நம் ஊரில் இல்லாத பாக்கியம். சிங்கப்பூரில் ஏ நிலையில் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் என்ற பாடம் இருக்கிறது. நம் சிறப்புத் தமிழுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் என்று சொல்லலாம்.

12. பள்ளியில சமஸ்கிருத வாத்தியாரே இல்ல, நீங்களே பார்த்துக்கங்கன்னு சொல்றாங்க. என்ன பண்றது?

இது அடிக்கடி நடக்கிறது. பாடத்தைப் பட்டியலில் காட்டிவிட்டு, வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த மொழி இருக்கிறதா’ என்பதல்ல. ‘வாரத்துக்கு எத்தனை பீரியட், யார் எடுக்கிறார்’ என்பது.

வீட்டிலிருந்து படிக்க வசதி முன்பைவிட இப்போது எவ்வளவோ மேல். பழைய நூல்களின் மூலப் பாடம் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் கிடைக்கும், உரையோடு வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகம். சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசம். சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ், ஆப்தே இரண்டு அகராதியும் அப்படியே. சென்னையில் இருப்பவர்கள் மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரிப் பக்கம் ஒரு நடை போய் விசாரியுங்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. பாடம் கேட்க ஆள் கிடைக்காவிட்டாலும் விசாரித்தால் ஒரு வழி காட்டுவார்கள்.

13. தமிழை விட்டுட்டு சமஸ்கிருதம் எடுத்தா தாத்தா வீட்டுப் பக்கமே வராதேங்கறார். இன்னொரு தாத்தா, தமிழ் எதுக்கு, அதான் பேசறோமேங்கறார். யார் சொல்றது சரி?

இரண்டு தாத்தாவையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் விண்ணப்பத்தை நிரப்புங்கள். இந்தச் சண்டைக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது, காரணங்களும் இருக்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தாத்தாவுக்கு மட்டும் ஒன்று: பேசுகிற தமிழை வைத்துக்கொண்டு கேள்வி 7-ல் உள்ள இரண்டு வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் தாத்தாவுக்கு: பல்லவர், பாண்டியர் செப்பேடுகள் பலவற்றில் முன்பகுதி கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம், பின்பகுதி தமிழ். முதலாவதில் அரச வம்சப் புகழ், இரண்டாவதில் எந்த ஊர், என்ன எல்லை, யாருக்கு என்ன வரி நீக்கம் என்ற விவரம். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் பாதிச் செப்பேட்டைத்தான் படிப்பார்.

14. இதெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா சார்?

பிளஸ் டூவில் ஒரு மொழித்தாள் படித்ததால் யாருக்கும் வேலை கிடைக்காது. அதற்கு மேல் தொடர்ந்தால் வழி உண்டு. தமிழில் பட்டமும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் பணி என்பது பழைய பாதை, இன்னும் கூட்டம் அதிகமான பாதை. கல்வெட்டியல், தொல்லியல் பக்கம் போக முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியமோ சமஸ்கிருத இலக்கியமோ விருப்பப்பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண்; பட்டம் அந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதில்லை.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது தமிழ்த் தகுதித் தாள். 100 கேள்வி, 150 மதிப்பெண், குறைந்தது 40 சதவீதம் எடுத்தால்தான் மற்றப் பகுதியையே திருத்துவார்கள். எடுத்த மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும். தரம் பத்தாம் வகுப்பு. பிளஸ் ஒன்னில் தமிழை விட்டவர்களுக்கும் இது கஷ்டமில்லை, ஆனால் நான்கைந்து வருடம் தமிழ்ப் புத்தகத்தையே தொடாமல் போய் உட்கார்ந்தால் கை நடுங்கும்.

15. பிளஸ் டூல சமஸ்கிருதம் எடுத்துட்டு பி.ஏ. தமிழ் சேரலாமா? காலேஜ்ல தமிழ் மறுபடி வருமா?

முதல் பாதிக்கு: ஆசை இருந்தால் இப்போதே தமிழை எடுங்கள். தரவரிசைக்கு எந்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள் என்று கேள்வி 5-ல் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் உங்களிடம் மதிப்பெண்ணே இருக்காது. தனியார் கல்லூரியில் இடம் கிடைக்கலாம், அது அந்தந்தக் கல்லூரியின் பாடு.

இரண்டாம் பாதிக்கு: வரும். கலை அறிவியல் கல்லூரியில் பகுதி 1-ல் தமிழ் அல்லாத மொழியை எடுத்தால், பன்னிரண்டாவது வரை தமிழ் படித்தவருக்குச் சிறப்புத் தமிழ் என்றும் படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ் என்றும் பகுதி 4-ல் இரண்டு தாள் இருக்கும். கல்லூரியின் இந்தச் சிறப்புத் தமிழ் வேறு, பள்ளியின் சிறப்புத் தமிழ் வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பொறியியலுக்குப் போனாலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள் காத்திருக்கிறது.

16. சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு, பிடிக்கல. மொழியை மாத்தலாமா?

ஒரு மாதம் என்றால் இன்றைக்கே பள்ளிக்குப் போங்கள். மாணவர் பெயர்ப் பட்டியல் மேலே போவதற்கு முன்னால் தலைமையாசிரியர் மனது வைத்தால் பெரும்பாலும் முடியும். எழுத்தில் கொடுங்கள், பெற்றோர் கையெழுத்தோடு. பிளஸ் ஒன் முடித்துவிட்டு பிளஸ் டூவில் மாற்றுகிறேன் என்றால் பள்ளிகள் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு வருடப் படிப்பில் ஒரு வருடம் ஒரு மொழி, மறு வருடம் இன்னொன்று என்று எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது.

மாற்றும் முன் ஒரு வேலை: மாறப்போகும் மொழியின் பிளஸ் டூ புத்தகத்தைப் பாடநூல் கழக இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். நடுப்பக்கம் எதையாவது திறந்து பிள்ளையை அரை மணி நேரம் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு விளக்கம் சொல்லாதீர்கள்.